எப்போது பதிவிடலாம்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



சங்கத்தின் முகநூல் பக்கத்தையும் வட்ஸ்அப் குழுவையும் சில வருடங்களாகப் பார்த்துவருபவர்கள் 1998 உயர்தர வகுப்பைச் சேர்ந்த நாங்கள் ஆறு பேர். மூவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் கொழும்பில், ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில். செயலாளர் அக்கா எங்களை அழைத்து, "எந்த நேரத்தில பதிவு போட்டால் கனபேர் பார்ப்பினம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ பிள்ளையள், கிளைச் சங்கங்களுக்கும் உதவியா இருக்கும்" என்றார். ஆறு பேரில் வைத்தியராக இருப்பவரே பேசட்டும் என்று மற்ற ஐவரும் தீர்மானித்துவிட்டார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். யாழ்ப்பாணத்தில் பின்னேரம் 4.30. பாடசாலை விட்டு, வீட்டுக்கு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்து முடிந்த நேரம். அப்போது லண்டனில் குளிர்காலமென்றால் முற்பகல் 11, கோடையென்றால் நண்பகல் 12. ரொறன்ரோவில் காலை 6 அல்லது 7. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் மார்கழியில் இரவு 10, ஆனியில் 9. எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் ஓர் இடைவெளி ஒரு நாளில் இருக்கிறதென்றால் அது இதுதான். வன்கூவரில் இருக்கும் அக்காமார் மட்டும் மன்னிக்க வேண்டும். அவர்களுக்கு அது விடியற்புறம்.

இந்தக் கணக்கும் ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. ரொறன்ரோவில் பங்குனி இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை மாற்றுகிறார்கள், லண்டனில் பங்குனிக் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று கிழமைகளில் எங்கள் சூம் கூட்டத்துக்கு யாராவது ஒருவர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து, "ஏன் முதலே தொடங்கினீங்கள்?" என்று கோபிப்பது வழக்கம். ஆனாலும் மணிக்கூட்டுக் கணக்கு எங்கள் வயதுக்காரருக்குப் புதிதல்ல. 1996 வைகாசியில் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். ஐப்பசியில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரைப் புத்தாண்டோடுதான் திரும்பி வந்தது. வன்னி மட்டும் பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது முகமாலையைத் தாண்டினால் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் மாறிவிடும். கலியாணத்துக்குச் சொல்ல வந்தவரிடம் "முகூர்த்தம் பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

4.30 என்று கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையில் கொஞ்சக் காலம் இருந்தோம். பதிவுகளை முன்கூட்டியே எழுதி, நேரம் குறித்து வைத்துவிட்டால் பக்கம் தானாக வெளியிடும் வசதி இருக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் இருந்து ஏழு நாள் வேலையையும் முடிக்கலாம். 2025 கார்த்திகை 28 பின்னேரம் 4.30க்கு உணவுச் சந்தை விளம்பரம் ஒன்றை அப்படிக் குறித்து வைத்திருந்தோம். கொத்துரொட்டியும் கூழும் படத்தோடு. அன்றுதான் டித்வா புயல். கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம் மலை சரிந்து வீடுகளை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எங்கள் பக்கத்தில் "வாருங்கள், உண்டு மகிழுங்கள்" என்று விளம்பரம் தானாக வந்து நின்றது. மலையகத்தில் படிப்பிக்கும் தங்கை ஒருவர் அதன் கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து, நேரம் குறித்து வைத்த பதிவைப் போகவிடலாமா என்று அன்று காலையில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது அந்த வேலை கொழும்புக்காரியுடையது. அவர்தான் எங்களில் விடியவே செய்தி பார்ப்பவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 4.30க்குப் போட்ட பதிவை எல்லோரும் 4.30க்குப் பார்ப்பதில்லை. முகநூல் பதிவுகளை நேர ஒழுங்கில் காட்டுவதில்லை. யாருக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்து, முந்தாநாள் போட்டதை இன்றைக்கு மேலே கொண்டுவரும். ஆகவே "இன்று", "நாளை", "அவசரம்" என்ற சொற்கள் அங்கே நம்பக்கூடியவை அல்ல. வைத்தியசாலையில் இதனால் படும் பாட்டை வைத்தியர்களாகிய நாங்கள் அறிவோம். டெங்கு நோயாளி ஒருவருக்கு இரத்தம் வேண்டும் என்று உறவினர் பதட்டத்தில் ஒரு பதிவு போடுவார். திகதி இருக்காது. அது நாடு நாடாகப் பகிரப்பட்டு, நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போன பிறகும் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். குருதிச் சிறுதட்டுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பதிவோ ஐந்து மாதமும் உயிரோடு இருக்கும். தயவுசெய்து திகதி, நேரம், எந்த நாட்டு நேரம் என்ற மூன்றையும் எழுதுங்கள். தேவை முடிந்தால் பதிவை எடுத்துவிடுங்கள்.

விடியற்காலை ரோசாப்பூக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே 5.30க்கு எழும்பிச் சாமி கும்பிட்டுவிட்டு மூத்த அக்காமார் குழுவில் "காலை வணக்கம்" அனுப்புகிறீர்கள். லண்டனில் அது நடுச்சாமம் 12 மணி. கோடையென்றால் 1 மணி. சத்தத்தை நிறுத்திவிட்டுப் படுக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்த மாட்டார்கள். எங்கள் லண்டன்காரி சொன்னது: "அம்மா ஊரில தனிய இருக்கிறா. நிறுத்தி வைக்க மனம் வராது. சத்தம் கேட்டால் நெஞ்சு ஒருக்கா நிண்டுதான் பிறகு அடிக்குது. திறந்து பார்த்தால் ரோசாப்பூ." யுத்த காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இரவில் தொலைபேசி அடித்தால் அது ஊரிலிருந்து வரும் இழவுச் செய்தியாகத்தான் இருக்கும். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பயம் அவர்களை விடவில்லை. ரோசாப்பூ அனுப்புங்கள். பின்னேரம் அனுப்புங்கள்.

இனி, எங்களை வைத்தியர் பேச வைத்த காரணத்துக்கு வருகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம், எங்களுக்கு இரசாயனவியல் படிப்பித்த ரீச்சர் காலமானார். பெயர் சொல்லவில்லை. குடும்பத்தினர் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். இரவு வைத்தியசாலையில், விடியப்புறம் நான்கு மணிக்குக் கிட்ட. எங்களில் ஒருவர் அங்கே கடமையில் இருந்தார். ரீச்சரின் கட்டிலடியில் கடைசிவரை நின்றவரும் அவர்தான். கடமை முடிகிற களைப்பில், அழுகையில், இரண்டு வரி எழுதி எங்கள் ஆறு பேரின் குழுவில் போட்டார். வேறு எவருக்கும் அல்ல, எங்களுக்கு மட்டும் என்று நினைத்து. ஐந்தேகாலுக்கு வகுப்புக் குழுவுக்குப் போனது. ஐந்தரைக்குச் சங்கத்தின் பக்கத்தில் ரீச்சரின் படம், விளக்குப் படம், "எங்கள் அன்புக்குரிய ஆசிரியை" என்று தொடங்கும் ஒரு பந்தி. நல்ல பந்தி. அதை எழுதியபோது எங்களுக்கு மனம் ஆறியது என்பதும் உண்மை.

ரீச்சரின் மகள் ரொறன்ரோவில் இருக்கிறார். எங்களுக்கு மூன்று வகுப்புக் குறைய, எங்கள் தங்கை. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வேலை நேரத்தில் தொலைபேசி பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். ரீச்சரின் மகன், அதாவது அவரின் அண்ணன், அம்மாவின் மூச்சு நின்றதும் முதலில் செய்தது கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தது. தங்கைக்கு அல்ல, தங்கையின் கணவருக்கு. "அவளுக்கு நீர் பக்கத்தில இருந்துகொண்டுதான் சொல்லவேணும். வேலையால வந்து, வீட்டுக்க இருத்திப்போட்டுச் சொல்லும்" என்றிருக்கிறார். கணவரும் தன் வேலையை விட்டு அவரை ஏற்ற வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அம்மா செத்து ஒரு மணித்தியாலமாகவில்லை, அந்த நேரத்திலும் இவ்வளவு யோசித்த ஒரு மனிதர்.

எங்களின் ஐந்தரை அங்கே இரவு ஏழு மணி. வேலை முடிந்து, பெட்டியைத் திறந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு, கணவர் வருகிறார் என்று தெரியாமல் பஸ் தரிப்பிடத்துக்குப் போயிருக்கிறார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே நின்று திறந்து பார்த்தார். அம்மாவின் படம். கீழே "ஆழ்ந்த அனுதாபங்கள்", "ஆத்மா சாந்தியடையட்டும்". கணவர் வந்து சேரும்போது கையுறையைக் கழற்றிய கையோடு பனிக்குள் நின்றாராம். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் எங்களை ஏசவில்லை. அந்தியேட்டிக்கு ஊருக்கு வந்தபோது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றவர், எங்களில் ஒருவரிடம் மெல்லச் சொன்னார்: "அக்கா, நான் பார்க்கேக்க கீழ 43 பேர் எழுதியிருந்தவை. என்ர அம்மா செத்தது எனக்கு 44ஆவது ஆளாத்தான் தெரியும்."

அதைப் போட்டது யார் என்று கேட்காதீர்கள். நாங்கள். கட்டிலடியில் நின்ற வைத்தியருக்கு அந்தச் செய்தியை வெளியே விட எந்த உரிமையும் இருக்கவில்லை. நோயாளியின் செய்தி நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உரியது என்பது மருத்துவபீடத்தில் தொடக்கத்திலேயே படிப்பிக்கும் பாடம். அழுகை வந்தது என்பது அதற்கு விடையாகாது. மற்ற ஐவரும், குடும்பத்தாருக்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும்.

வைத்தியசாலையில் மரணத்தைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. நின்றுகொண்டு சொல்வதில்லை. கதிரை இருந்தால் இருவரும் இருப்போம். யாரும் கூட வந்திருக்கிறார்களா என்று கேட்போம். அவர்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று அவர்களின் வாயாலேயே கேட்போம். பிறகுதான் சொல்வோம், சுற்றி வளைக்காமல். சொன்ன பிறகு எழும்பி ஓடுவதில்லை. தொலைபேசியில் சொல்லத்தான் வேண்டும் என்றால், வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கிறாரா என்றாவது கேட்போம். இவ்வளவும் தெரிந்த கைதான் அன்று விடியப்புறம் அந்த இரண்டு வரியை எழுதியது.

இது புதிய காலத்தின் பிரச்சினை என்று எங்களுக்கு முதலில் ஒரு சாட்டு இருந்தது. யோசித்துப் பார்த்தால், எங்கள் அம்மம்மாமாருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஊரில் ஒரு செத்தவீடு என்றால் இழவு சொல்ல ஒருவர் சைக்கிளில் போவார். அவர் எந்தப் படலையில் முதலில் இறங்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் அனுப்புவார். வருத்தக்கார மனுசி இருக்கும் வீட்டில் முதலில் மகனை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதன் பிறகுதான் வானொலியும் பத்திரிகையும். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும்போது வீடே சத்தம் அடங்கியிருந்து கேட்ட ஞாபகம் இங்கே எத்தனையோ பேருக்கு இருக்கும். அந்த அறிவித்தலை வானொலி தானாக வாசிக்காது. வீட்டிலிருந்து யாரோ எழுதிக் கொடுத்தால்தான் வாசிக்கும். பத்திரிகையில் பாருங்கள், இன்றைக்கும் ஒவ்வொரு மரண அறிவித்தலின் அடியிலும் ஒரு சொல் இருக்கும்: தகவல். தகவல், மகன். தகவல், மருமகன். தகவல், குடும்பத்தினர். சிறுவயதில் அதை வெறும் வழக்கம் என்றுதான் நினைத்தோம். வீட்டார் சொல்லிவிட்டார்கள், இனி ஊர் அறியலாம் என்பதற்கான அடையாளம் அது. எங்கள் பந்தியில் அந்த ஒரு வரி இருக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் தகவல் வரி இல்லாமல் மரண அறிவித்தல் வருவதில்லை. குடும்பத்தில் ஒருவரோடு பேசி, "போடலாமா, எப்போது போடலாம்?" என்று கேட்டு, அவரின் உறவுமுறையை அடியில் எழுதித்தான் போடுகிறோம். சில நாள் பிந்தும். ஒருமுறை மூன்று நாள் பிந்தியது. பிள்ளை ஒருவர் விமானத்தில் இருந்தார், இன்னொருவருக்குப் பரீட்சை. "உங்கட பக்கத்தில எல்லாருக்கும் கடைசியாத்தான் தெரியவருது" என்று ஒரு அக்கா குறைப்பட்டார். ஓம் அக்கா, அப்படித்தான்.

மரணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் ஒன்றைத் திருத்தப் போனால் மற்றதும் கண்ணில் படுகிறது. சாதாரண தரப் பெறுபேறு வந்த இரவே 9 ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம். போட்டியே நடந்தது, எந்தப் பாடசாலைப் பக்கம் முந்துவது என்று. கணிதத்தில் தவறிய ஒரு பிள்ளை அதே இரவு அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது எங்களுக்குப் படவில்லை. பெறுபேறு வந்த இரவுகளில் வெளிநோயாளர் பிரிவுக்கும் விபத்துப் பிரிவுக்கும் யார் யார் கொண்டுவரப்படுகிறார்கள் என்பதை வைத்தியர்கள் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இப்போது வகுப்பாசிரியர்கள் தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் பேசி முடித்துவிட்டோம் என்று அதிபர் சொன்ன பிறகுதான் படங்கள் வருகின்றன. இரண்டு நாளாகும். 9 ஏ இரண்டு நாளில் 8 ஏ ஆகிவிடுவதில்லை. பெற்றோருக்கும் ஒரு சொல்: பெறுபேற்றுத் தாளைப் படம் பிடித்துப் போடும்போது சுட்டெண்ணை மறையுங்கள்.

பிள்ளை உண்டாகிய செய்தியை மூன்று மாதம் முடியட்டும் என்று மாமிமார் பொத்தி வைத்ததை நாங்கள் பழைய பழக்கம் என்று சிரித்திருக்கிறோம். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நடப்பவை என்று படித்தபோது சிரிப்பு நின்றது. ஆறாம் கிழமையில் அறிவித்துவிட்டு, ஒன்பதாம் கிழமையில் வாழ்த்துச் சொன்ன முந்நூறு பேருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்ல வேண்டி வந்த தங்கை ஒருவரை எங்களுக்குத் தெரியும். அவருக்கு மருந்து எழுதலாம், அந்த முந்நூறு பதிலையும் எழுதிக் கொடுக்க முடியாது. சொல்வதா விடுவதா என்பது அவரவர் விருப்பம். சொல்லத்தான் வேண்டும் என்று இருப்பவர்களையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அந்தச் செய்தியை அவருக்கு முந்தி மற்றவர்கள் போடாமல் இருந்தால் போதும்.

கனடாப் பயணம் மூன்று கிழமை என்று விமான நிலையத்தில் நின்று படம் போடுபவர்களுக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. வீட்டில் நகை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம்.

கடைசியாக, மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் ஒரு படிவம் இருக்கிறது. பெயர், வகுப்பு ஆண்டு, இப்போது இருக்கும் நாடு. உங்களைப் பற்றியோ உங்கள் பெற்றோரைப் பற்றியோ ஒரு செய்தி வந்தால் சங்கம் முதலில் யாருடன் பேச வேண்டும், அவரின் இலக்கம், எந்த நேரத்தில் பேசலாம். இதை யாரும் பார்க்காத இடத்தில் பூட்டி வைப்போம், முகநூலில் போட மாட்டோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கிளைச் செயலாளரிடம் தரலாம்.

முதலாவது படிவத்தை நிரப்பித் தந்தவர் ரீச்சரின் மகள். கேட்டபோது கொடுப்பாரா என்று எங்களுக்குப் பயமாக இருந்தது. கணவரின் பெயரையும் இலக்கத்தையும் எழுதியிருந்தார். எந்த நேரத்தில் பேசலாம் என்ற இடத்தில், "எந்த நேரமும். ஆனால் எனக்கு அவர்தான் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

பேனை மேசையில் நூலால் கட்டியிருக்கிறது.